நகல் ரிவால்வரில் அழிக்கக் கூடாத முத்திரை

கருமருந்து ரிவால்வர்களின் நகல்களைச் சேர்க்கத் தொடங்குபவர்கள் பலர் முதலில் எடுப்பது, 'நேவி 1851' என்ற பெயரில் விற்கும் பித்தளைச் சட்டகத் துப்பாக்கியை, அதுவும் 0.44 அங்குலக் குழல் விட்டத்தில். விலை குறைவு, பளபளப்பும் உண்டு. ஆனால் கோல்ட் நிறுவனம் அப்படி ஒன்றைத் தயாரித்து விற்றதில்லை. அசல் நேவியின் விட்டம் 0.36 அங்குலம், சட்டகம் இரும்பு. பித்தளை வழக்கமாக விசைக்காப்பிலும் கைப்பிடிப் பட்டையிலும்தான் வரும். பித்தளைச் சட்டகம் வேறோர் இடத்துக்குச் சொந்தமானது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரும்புக்கும் உருக்குக்கும் தவித்த தென் மாநிலங்களில், ஜார்ஜியாவின் கிரிஸ்வோல்ட்வில் பட்டறை 1862 முதல் சுமார் 3,700 பித்தளைச் சட்டக ரிவால்வர்களைச் செய்தது. சிலிண்டருக்கு முறுக்கிய இரும்பைப் பயன்படுத்தினார்கள். வேலையாட்களில் பெரும்பாலோர் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள். 1864 நவம்பரில் வட மாநிலங்களின் தளபதி ஷெர்மனின் படை அந்தப் பட்டறையை எரித்தது. அந்தப் பஞ்சமும் அந்த உழைப்பும்தான் அந்தப் பித்தளையின் பொருள். அதை 0.44 குழலோடு பொருத்தி 'கோல்ட் நேவி' என்று அலமாரியில் வைத்தால் இரண்டு வரலாறுகளும் மறைந்துபோகின்றன.

சுடுவதற்காக வாங்குபவருக்கு இதில் என்ன கவலை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கருமருந்தின் கசடு ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். அதனால் துருவேறா எஃகில் செய்த ரெமிங்டன் நகலை ஒருவர் விரும்பினால் நான் குறை சொல்ல மாட்டேன். (அந்த ரெமிங்டனுக்கு வழங்கும் '1858' என்ற பெயரே குழலில் பொறித்த காப்புரிமை ஆண்டுதான், அந்த மாதிரி உற்பத்திக்கு வந்தது 1863 வாக்கில்.) பித்தளைச் சட்டகத்தில் மட்டும் மருந்தைக் குறைத்தே இட வேண்டும். கனமான மருந்துக்குச் சட்டகம் மெல்ல இளகி, சிலிண்டரின் பின்பக்கத் தடம் அதில் பதிந்துவிடும்.

இன்னொரு வாதம் இதைவிட வலுவானது: அந்தக் காலத்தவரே குழலை வெட்டினார்கள், 1870-களில் தோட்டா போடும்படி மாற்றினார்கள், பிறகு எது அசல்? அந்த மாற்றங்களும் சான்றுகள்தான். ஒருவருடைய தேவை அந்த வெட்டில் தெரிகிறது. அதனால்தான் பழைய ரிவால்வருக்குப் புதிதாக நீலமேற்றக் கூடாது என்கிறேன். நான் அதிகம் அஞ்சுவது எதிர்த்திசையில் போகிறவர்களை. அசல்போலவே இருக்க வேண்டும் என்று நகலின் இத்தாலிய முத்திரைகளை அராவி, அமிலம் பூசிப் பழசாக்குகிறார்கள். முதல் உரிமையாளருக்கு உண்மை தெரியும். மூன்றாவது கைக்குப் போகும்போது அது போலியாகிவிடும். இத்தாலியின் கார்டோனே ஊரில் சோதித்த கருமருந்துத் துப்பாக்கியில் 'பிஎன்' என்ற எழுத்துகளும் ஆண்டுக் குறியீடும் இருக்கும், 1975-க்கு 'ஏஏ'. வாங்குமுன் அவற்றைத் தேடிப் பாருங்கள், வாங்கியபின் அழிக்காதீர்கள். அட்டையில் மாதிரியின் பெயருக்குக் கீழே செய்த நாடு, ஆண்டு, அசலிலிருந்து எதில் வேறுபடுகிறது என்ற மூன்றையும் எழுதி வையுங்கள்.