அப்பமாதமும் அன்றாட அலுவலும்

பாலி மொழியில் 'அப்பமாதம்' என்னும் சொல் மறவாமை, சோர்வின்மை, விழிப்பு ஆகியவற்றை ஒருங்கே குறிக்கும். தம்மபதத்தின் இரண்டாம் வர்க்கம் இப்பெயரையே உடையது. குசிநாராவில் பரிநிப்பானம் எய்துமுன் பகவன் புத்தர் பிக்குகளுக்கு இறுதியாக அறிவுறுத்தியதும் இதுவே. இது துறவியர்க்கு மட்டுமே உரியதன்று. ஊதியத்திற்கு உழைக்கும் இல்லறத்தாராகிய நமக்கு இஃது எங்ஙனம் பயன்படும் என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

இராசகிருகத்தில் சிகாலன் என்னும் இளைஞனுக்குப் பகவன் சோம்பலின் ஆறு சாக்குகளை எடுத்துரைத்தார். குளிர் மிகுதி, வெப்பம் மிகுதி. பொழுது சாய்ந்துவிட்டது, இன்னும் பொழுது இருக்கிறது. பசிக்கிறது, வயிறு நிறைந்திருக்கிறது என்பன அவை. இவை ஒன்றுக்கொன்று எதிரானவை என்பதை நோக்குக. குளிரும் தடை, வெப்பமும் தடை என்றால் வேலைக்கு உகந்த வேளை என்றுமே வாராது. எனவே தடை காலத்தில் இல்லை, மனத்தில்தான் இருக்கிறது.

ஆயினும் சுறுசுறுப்பு மட்டும் போதாது. எதை முதலிற் செய்வது என்னும் தெளிவும் வேண்டும். மாலுங்கியபுத்தருக்குப் பகவன் கூறிய உவமை நாம் அறிந்ததே. நச்சம்பு தைத்தவன், எய்தவன் யார், வில் எத்தகையது என்றெல்லாம் வினவிக்கொண்டிருந்தால், விடை கிடைக்குமுன் உயிர் போய்விடும். அம்பைப் பிடுங்குவதே முதல் வேலை.

நம் அலுவலிலும் அம்புகள் உண்டு. எளிய பத்துக் கோப்புகளை முடித்துவிட்டோம் என்று மகிழும் குமாஸ்தா, கணவனை இழந்த ஒருத்தியின் குடும்ப ஓய்வூதியக் கோப்பை நாளைக்கென்று ஒதுக்குகிறார். அவர் சோம்பேறி அல்லர். ஆனால் அம்பு தைத்தபடியே இருக்கிறது. ஆதலின் வேலைகளை மூன்றாக வகுத்துக்கொள்க. தாமதித்தால் பிறருக்குத் துன்பம் தருவது முதலாவது. அதனை முதலில் முடிக்க. குறித்த நாளில் முடிய வேண்டிய பெரிய வேலை இரண்டாவது. அதனை நாள்தோறும் ஒரு பங்காகச் செய்க. காத்திருக்கக் கூடியது மூன்றாவது. அதனைக் குறித்து வைத்து, மனத்தினின்று இறக்கிவிடுக.

நமது பொழுது எளிதிற் கிடைத்ததன்று. 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்த பாபாசாகேப் அம்பேத்கர் வேலை நேரக் குறைப்புக்கு உழைத்தார். 1946ஆம் ஆண்டுத் தொழிற்சாலைத் திருத்தச் சட்டம், ஆண்டு முழுதும் நடக்கும் தொழிற்சாலைகளில் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைத்தது. இவ்வாறு பெற்ற பொழுதை நம் கவனக்குறைவால் இழக்கலாமா? பகலில் ஒத்திவைத்த வேலை மாலையைத் தின்கிறது. பிள்ளைகளின் பாடத்தையும் நம் வந்தனையையும் தின்கிறது. கோலார் தங்கவயலில் 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின், மாரிக்குப்பத்தில் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்பும் நம் சகோதரர்க்கு அரை மணியும் பெருஞ்செல்வம் அன்றோ!

ஒன்றை மறத்தலாகாது. வலிமைக்கேற்ப வேலை தருதலும் உரிய காலத்தில் ஓய்வளித்தலும் முதலாளியின் கடமை என்று சிகாலனுக்கு உரைத்த அதே உபதேசம் கூறுகிறது. அளவுக்கு மீறிய சுமையைத் தொழிலாளியின் திறமைக்குறைவு என்று பழிப்பது தம்மமாகாது. அங்கே வேண்டுவது மேலும் விரைவு அன்று; ஒன்றுகூடி உரிமை கேட்டலே.

வரும் பௌர்ணமி உபோசதம் வரை ஒவ்வோர் இரவும் மறுநாளைய வேலைகளுள் மூன்றை எழுதுவோம். அவற்றுள் அம்பு எது என்று குறிப்போம். காலையில் அதனையே முதலில் தொடுவோம். உபோசத நாளில் விகாரையில் கூடும்போது, எத்தனை அம்புகளைப் பிடுங்கினோம் என்று நம்மை நாமே வினவிக்கொள்வோமாக.