சம்பா அறுத்த கழனியில் அடுத்து என்ன போடலாம்?

தை பாதிக்குள் சம்பா அறுப்பு முடிந்துவிட்டால், புதுச்சேரி மண்ணாடிப்பட்டுப் பக்கத்துச் சிறு விவசாயிக்கு மூன்று வழி இருக்கிறது: நவரை நெல், மல்லாட்டை (வேர்க்கடலை), உளுந்து. கரும்பும் சவுக்கும் தனிக் கணக்கு. பல வீடுகளில் இந்த முடிவு போன வருஷ விலையைப் பார்த்தே எடுக்கப்படுகிறது. போரில் எவ்வளவு தண்ணீர், வீட்டில் எத்தனை கை, தொழுவத்தில் மாடு உண்டா என்று பார்த்து எடுக்கவேண்டிய முடிவு இது.

முதலில் தண்ணீர். நெல்லுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர், மல்லாட்டைக்கு 500 முதல் 550, உளுந்துக்கு 300 என்பது பொதுக் கணக்கு. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வீடூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து சங்கராபரணி கரை புரண்டது. மழைக்காலத்தில் அப்படி ஓடும் ஆறுதான் கோடையில் மணலாகக் கிடக்கிறது. நவரை பால் பிடிப்பதோ பங்குனி வெயிலில். கார்த்திகை வெள்ளத்தை நம்பிப் பங்குனிக்கு நெல் நடக்கூடாது.

ஆனாலும் நவரைதான் சரி என்று சொல்லவேண்டிய நிலங்கள் உண்டு. பள்ளக்கட்டுக் களிமண்ணில் மல்லாட்டை போட்டால் காய் இறங்காது. பிடுங்கும்போது பாதி மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். அங்கே 105 நாளில் வரும் ஏ.டி.டி. 37 குண்டு நெல்லோ, 110 நாள் ஏ.டி.டி. 43 சன்ன ரகமோ போடலாம். அறுப்புக்கு மெஷின் வந்துவிடும், வைக்கோலும் கிடைக்கும். ராத்திரி கரன்ட் வரும் நேரம் பார்த்து எழுந்து மடை மாற்ற ஆள் இருக்கவேண்டும். பங்குனியில் போர் விட்டு விட்டு இறைக்கும் வீடு இதில் இறங்கவேண்டாம்.

மணல் கலந்த வண்டலோ செம்மண்ணோ இருந்தால் நான் மல்லாட்டை பக்கம்தான். பக்கத்துத் திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. 7 நம் மண்ணுக்குப் பழகிய ரகம். ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு விதை வேண்டும். கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா கலந்து விதைத்தால் வேரழுகல் குறையும். முதல் களை இருபது, இருபத்தைந்து நாளில். 40 முதல் 45 நாளுக்குள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்கவேண்டும். சுண்ணாம்புச் சத்து குறைந்தால் காய் பொக்காகும். மண் அணைத்த பிறகு கொல்லைக்குள் களைக்கொட்டு எடுத்துப் போகாதீர்கள். பூவிலிருந்து இறங்கும் விழுது அப்போதுதான் மண்ணுக்குள் நுழைகிறது, அதை அறுத்தால் அந்தக் காய் போச்சு.

எப்போது பிடுங்குவது என்பதை நாள் கணக்கை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், நாலு இடத்தில் ஒவ்வொரு செடியாகப் பிடுங்கி, காயை உடைத்துத் தொலியின் உள்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் பொறுக்கவேண்டும். பெரும்பாலான காயில் கருப்பும் பழுப்புமாகக் கறை படிந்திருந்தால் ஆள் சொல்லிவிடலாம். மண் இறுகியிருந்தால் முன்கூட்டி ஒரு தண்ணீர் விடுங்கள்.

ஆள் செலவுதான் இதில் பெரிய சுமை. காய் ஆய அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தால்தான் வேலை நகரும். அவர்கள் கூலியில் மிச்சம் பிடிக்கப் பார்க்கக்கூடாது. வீட்டில் இரண்டு பேராவது கொல்லைக்கு வரமுடியாது என்றால் இந்தப் பயிரை எடுக்காதீர்கள். மாடு இருந்தால் கணக்கே மாறும். காய்ந்த கொடியைப் போர் போட்டுவைத்தால் வைக்கோலைவிடச் சத்தான தீவனம்; சொசைட்டிக்குப் பால் ஊற்றும் வீட்டுக்கு அது பணம்தான். ஈரத்தோடு மட்டும் குவிக்காதீர்கள், பூசணம் பிடித்தால் காயிலும் கொடியிலும் நஞ்சு சேரும். மண்ணில் தழைச்சத்தும் தங்குவதால் அடுத்த சொர்ணவாரி நெல்லுக்கு யூரியாவைக் குறைக்கலாம்.

தண்ணீரும் ஆளும் குறைவு என்றால் உளுந்து. ஏக்கருக்குச் சுமார் 10 கிலோ விதை, 65 முதல் 75 நாள். வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமலைத் தாங்கும் வம்பன் 8 போன்ற ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். பூக்கும்போதும் பதினைந்து நாள் கழித்தும், 4 கிலோ டி.ஏ.பி.யை ஊறவைத்துத் தெளிந்த நீரை 200 லிட்டராக்கி ஏக்கருக்கு அடித்தால் காய் கூடும்.

கரும்பை ஆலை ஒப்பந்தம் கையில் இல்லாமல் நடாதீர்கள். நம் கொம்யூனிலேயே இருந்த லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவு சர்க்கரை ஆலை அரவையை நிறுத்திப் பல வருஷமாகிறது. வெட்டுக்கூலி, வண்டி வாடகை எல்லாம் அதற்குப் பிறகு வேறு கணக்கு. சவுக்கு ஊரில் இல்லாதவர்களின் பயிர். மூன்று நாலு வருஷம் பணம் முடங்கும், தினம் பால் கறந்து சாப்பிடும் வீட்டுக்கு ஒத்துவராது.

மழையால் சம்பா தள்ளிப்போய் மாசி பாதி ஆகிவிட்டால் மல்லாட்டையையும் விட்டுவிட்டு உளுந்துக்குப் போங்கள். தள்ளி விதைத்த மல்லாட்டை கோடை மழையில் மாட்டி நிலத்திலேயே முளைக்கும். ஒரு காணியில் போரும் மாடும் வைத்திருப்பவர், இளக மண்ணாக இருந்தால், முக்கால் காணி மல்லாட்டையும் கால் காணி உளுந்தும் போடலாம். விதைக்கு மார்கழியிலேயே சொல்லிவையுங்கள். தை பிறந்து தேடினால் கேட்ட விலையைக் கொடுக்கவேண்டியிருக்கும்.