ஆர்.டி.ஓ. ஆபீஸ் லீவா? வண்டி வாங்குவோர் கவனத்துக்கு

ஆயுத பூஜைக்குப் புது வண்டியை வாசலில் நிறுத்திச் சந்தனம், குங்குமம் வைக்க ஆசையா? பூஜை, விஜயதசமி, அதோடு வாரக் கடைசியும் சேர்ந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகம் வரிசையாகப் பூட்டிக் கிடக்கும். ஆகவே பணம் கட்டுவதையும் ஆவணங்கள் கொடுப்பதையும் ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

“நம்பர் அப்புறம் வந்துடும் சார், வண்டியை எடுத்துட்டுப் போங்க” என்று யார் சொன்னாலும் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். தற்காலிகப் பதிவாவது இல்லாமல் வண்டியை ஒப்படைக்கக் கூடாது என்பது விதி. தற்காலிகப் பதிவு காலாவதியான வண்டியைச் சாலையில் ஓட்டி விபத்துக்குள்ளான ஒருவருக்கு, இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டை மறுத்தது சரியே என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல நேரம் பார்ப்பதைவிட இது முக்கியம்.

பழைய வண்டி வாங்கியவர்கள் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நாள் அரசு விடுமுறையா? பதற வேண்டாம். அடுத்த வேலை நாளில் கொடுத்தால், உரிய காலத்தில் கொடுத்ததாகவே 1897ஆம் ஆண்டுப் பொது விதிகள் சட்டத்தின் 10ஆம் பிரிவு கருதுகிறது. ஆனால் இன்சூரன்ஸ் காலாவதிக்கு இந்தச் சலுகை கிடையாது. அதை விடுமுறையிலும் ஆன்லைனில் புதுப்பிக்கலாம்.

15 ஆண்டு முடியும் வண்டிக்கு, காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்தே பதிவைப் புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம்.