கண்ணில் பட்டதை மட்டும் வரை

உடுமலை,
ஆடி 5

அன்புள்ள கயல்விழிக்கு,

அத்தை எழுதுகிறேன். நேற்று ராத்திரி உன் அப்பா போன் செய்தான். பாட்டனியில் சேர்ந்ததிலிருந்து நீ சரியாகச் சாப்பிடுவதில்லையாம், நர்சிங் கிடைக்காததை நினைத்து ஹாஸ்டலில் அழுகிறாயாம். முதல் நாள் வகுப்பில் உங்களுக்குக் கொடுத்த விதிமுறைத் தாளையும் போட்டோ எடுத்து அனுப்பினான். "அக்கா, பள்ளிக்கூடத்தைவிடக் கெடுபிடியா இருக்கே, புள்ள பயந்துக்கிச்சு" என்றான்.

அந்தத் தாளை இரண்டு முறை படித்தேன் கண்ணு. 31 வருஷம் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய அதே தாளைக் கொடுத்தவள் நான். வருகை 75 சதவீதம், வாராவாரம் ரெக்கார்டில் கையெழுத்து, லேபில் போன் கூடாது, செமஸ்டர் முடிவில் செடியை உலர்த்தி ஒட்டிய 10 ஹெர்பேரியம் தாள், அடுத்தவர் ரெக்கார்டைப் பார்த்து வரைந்தால் மதிப்பெண் இல்லை. தனித்தனியாகப் படித்தால் மிரட்டல் மாதிரிதான் இருக்கும். ஆனால் அவ்வளவு விதியும் ஒரே ஒரு காரியத்துக்காக எழுதப்பட்டவை. செடியை நீயே பார்க்க வேண்டும், பார்த்ததை மட்டுமே எழுத வேண்டும். அது எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். நானும் முதலாண்டில் சீனியர் அக்காவின் ரெக்கார்டை வாங்கி இரவெல்லாம் உட்கார்ந்து பார்த்து வரைந்தவள்தான். படங்கள் அழகாக இருந்தன, கையெழுத்தும் கிடைத்தது. வருஷக் கடைசியில் பிராக்டிகல் தேர்வு. எனக்கு வந்தது மூக்கிரட்டைத் தண்டு. செக்‌ஷன் நன்றாகவே வெட்டினேன், சாயமும் நன்றாக ஏறியது. மைக்ராஸ்கோப்பில் ஒரு நொடி கண்ணை வைத்துவிட்டு, இருவித்திலைத் தண்டு என்று தெரிந்ததும், சூரியகாந்தித் தண்டுக்கு மனப்பாடமாக வைத்திருந்த படத்தை வரைந்தேன். வட்டமாக ஒரே வரிசையில் வாஸ்குலர் கற்றைகள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என் ஸ்லைடைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "நடுவில் இரண்டு பெரிய கற்றை இருக்கே அம்மா, உன் படத்தில் எங்கே?" என்றார். குனிந்து பார்த்தேன். இருந்தன. நடுவே எதிரும் புதிருமாக இரண்டு, அவற்றைச் சுற்றிச் சிறிய கற்றைகள், அதற்கும் வெளியே இன்னொரு வளையம். மூக்கிரட்டையின் விசேஷமே அதுதான், அதற்காகத்தான் அந்தச் செடியைத் தேர்வில் வைக்கிறார்கள். என் கையால் வெட்டி, என் கண்ணெதிரே இருந்ததை நான் பார்க்கவில்லை. மதிப்பெண் போனதைவிட அதுதான் பல வருஷம் மனதில் உறுத்திக்கொண்டிருந்தது.

அதனால், ரெக்கார்டைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதே. லேபில் உட்கார்ந்திருக்கும்போதே அப்சர்வேஷன் நோட்டில் பென்சிலால் வரை. கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, அன்றே வரை. அறைக்கு வந்து அதைப் பார்த்து ரெக்கார்டில் திருத்தமாகப் போடு. முதலில் முழு வெட்டின் அமைப்பைக் கோட்டுப் படமாகக் காட்டு. பிறகு ஒரு துண்டை மட்டும் பெரிதாக்கிச் செல் செல்லாக வரை. ஷேடு அடிக்காதே. புத்தகத்தில் இருப்பது உன் ஸ்லைடில் இல்லையென்றால் "தெரியவில்லை" என்று எழுது. நல்ல ஆசிரியர் அதற்கு மதிப்பெண் குறைக்க மாட்டார். நான் ஒருநாளும் குறைத்ததில்லை.

செக்‌ஷன் வெட்டுவதற்கு உனக்குக் கை நடுங்குகிறது என்று அப்பா சொன்னான். எல்லோருக்கும் நடுங்கும். தண்டு மெலிதாக இருந்தால் உருளைக்கிழங்கு அல்லது கேரட் துண்டைக் கீறி அதற்குள் வைத்துப் பிடித்துக்கொள். பிளேடையும் தண்டையும் தண்ணீரில் நனை. ரம்பம்போல முன்னும் பின்னும் அறுக்காமல், உன் பக்கமாக ஒரே இழுப்பாக இழு. இருபது முப்பது வெட்டி வாட்ச் கிளாஸ் தண்ணீரில் போட்டுவிடு. அதில் கண்ணாடிபோல இருப்பதை பிரஷால் எடு. முழு வட்டமாகவும் தடிமனாகவும் இருப்பதைவிட, பாதி வட்டமாக இருந்தாலும் மெலிதாக இருப்பதே மேல். சஃப்ரனினில் இரண்டு நிமிஷம் வைத்து, மிச்சச் சாயம் போகும்வரை கழுவி, ஒரு துளி கிளிசரின் விட்டு, கவர் ஸ்லிப்பை ஊசிமேல் சாய்த்து மெதுவாக இறக்கு. தட்டையாகப் போட்டால் காற்றுக் குமிழி மாட்டிக்கொள்ளும். கறுத்த விளிம்போடு உருண்டையாகத் தெரியும் அந்தக் குமிழியைச் செல் என்று நினைத்து வரையாத முதலாண்டுப் பிள்ளையை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். எப்போதும் லோ பவரில் தொடங்கு. ஹை பவருக்குப் போனபின் பெரிய திருகைத் தொடாதே, லென்ஸ் ஸ்லைடில் இடித்து உடைக்கும். லேபில் போன் கூடாது என்பதும் இதையொட்டித்தான். கையில் போன் இருந்தால் ஸ்லைடைப் படம் எடுத்துக்கொண்டு "அப்புறம் வரையலாம்" என்று எழுந்து விடுவீர்கள். படத்தில் ஒரு தளம்தான் பதியும். சின்னத் திருகை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தால்தான் செல்லுக்கு ஆழம் இருப்பது தெரியும்.

வருகைப் பதிவு பற்றி. செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்றால் 22 நாள் வராமல் இருக்கலாம் என்று கணக்குப் போடும் பிள்ளைகள் உண்டு. தியரி வகுப்பு போனால் நோட்ஸ் வாங்கிக்கொள்ளலாம். பிராக்டிகல் போனால் போனதுதான். சிங்காநல்லூர்க் குளத்திலிருந்து காலையில் அள்ளி வந்த பாசி மறுநாள் அதே பாசியாக இருக்காது. ஸ்பைரோகைராவை நீ இன்னும் பார்த்திருக்க மாட்டாய். கையில் தொட்டால் பட்டுநூல்போல வழுக்கும். லென்ஸின் கீழே ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பச்சை நாடா சுருள் சுருளாகச் சுற்றியிருக்கும். அன்று நீ வராவிட்டால் அதை உனக்காக இன்னொரு நாள் அள்ளிவர யாருக்கும் நேரம் இருக்காது.

இதில் ஒரு வருத்தமும் எனக்கு உண்டு. பல வருஷத்துக்கு முன் என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். ராத்திரி ஷிப்டு நூல் மில் வேலை, காலையில் கல்லூரி. வகுப்பில் தூங்குவான், வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டான். நான் ஆப்சென்ட் போட்டுக்கொண்டே வந்தேன். செமஸ்டர் கடைசியில்தான் மில் விஷயம் தெரிந்தது. அதற்குள் வருகைக் குறைவு விண்ணப்பம் கொடுத்துச் சரிசெய்யும் எல்லையைத் தாண்டிவிட்டிருந்தது. தேர்வு எழுத முடியவில்லை, படிப்பையும் விட்டுவிட்டான். அவன் முதல் மாதமே சொல்லியிருந்தால் வழி இருந்திருக்கும். நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அதனால் சொல்கிறேன். உடம்புக்கு முடியவில்லையா, வீட்டில் கஷ்டமா, பணம் கட்ட முடியவில்லையா, அன்றைக்கே உன் டியூட்டரிடம் போய்ச் சொல். தயங்காதே. விதிக்குள்ளே உதவி செய்யும் இடம் ஆரம்பத்தில்தான் இருக்கும்.

லத்தீன் பெயர்கள் நாக்கில் நுழையவில்லை என்று உன் தோழிகள் எல்லோரும் சொல்வார்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். மஞ்சள் காமாலைக்கு உங்கள் பாட்டி அரைத்துக் கொடுப்பாளே கீழாநெல்லி, அதைப் பல புத்தகங்கள் வெகுகாலம் ஃபில்லாந்தஸ் நிரூரி என்றே எழுதின. அந்தப் பெயருக்குரிய செடி அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் வயலோரத்தில் முளைப்பது ஃபில்லாந்தஸ் அமாரஸ். அதன் பக்கத்திலேயே சிவப்புத் தண்டோடு இன்னொன்றும் முளைக்கும், ஃபில்லாந்தஸ் யூரினேரியா. ஊரில் அதையும் சிலர் கீழாநெல்லி என்றே பறிப்பார்கள். காம்போடு தொங்கும் வழவழப்பான காய் என்றால் முதலாவது, காம்பே இல்லாததுபோல் ஒட்டிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால் இரண்டாவது. மருந்தாகக் குடிக்கப்போகும் செடிக்குப் பெயர் தவறலாமா? போனில் காட்டினால் பெயர் சொல்லும் செயலிகள் வந்துவிட்டன. வைத்துக்கொள், ஆனால் அது சொல்வதை ஒரு சந்தேகமாக மட்டும் எடுத்துக்கொள். கைலென்ஸால் பூவைப் பிரித்துப் பார், மகரந்தத் தாள்களை எண்ணு, சூலகம் மேலா கீழா என்று பார், பிறகு அடையாளத் திறவுகோலில் போய்ச் சரிபார். பெயர்களும் மாறும். நான் படித்தபோது கருவேலம் அக்கேசியா நிலோட்டிகா, இப்போது வாச்செலியா நிலோட்டிகா. வைவாவில் பழைய பெயரைச் சொல்லிவிட்டால் புதியதையும் சேர்த்துச் சொல். கையால் எழுதும்போது பேரினம், சிற்றினம் இரண்டுக்கும் தனித்தனியாக அடிக்கோடு போட மறக்காதே.

ஹெர்பேரியம்தான் உன்னை மிகவும் பயமுறுத்துகிறதாம். எனக்கு இந்தப் படிப்பில் மிகவும் பிடித்ததே அதுதான். தாளின் அளவு 42க்கு 28 சென்டிமீட்டர். பூவோ காயோ இல்லாத கிளையைப் பறிக்காதே. புல்லாக நீளமாக இருந்தால் மடித்துப் போடு. முதல் சில நாட்கள் தினமும் செய்தித்தாளை மாற்று, சோம்பினால் பூஞ்சை பிடித்துவிடும். பிரண்டை, கற்றாழை போன்ற சதைப்பற்றுச் செடிகளை முதலாண்டில் தொடாதே, எளிதில் காயாது. எந்த ஊர், எந்தத் தேதி, எப்படிப்பட்ட மண், பூ என்ன நிறம் என்பதைப் பறித்த இடத்திலேயே நின்று எழுது. காய்ந்தபின் சங்குப்பூவின் நீலம் அப்படியே இருக்காது. ஊரும் தேதியும் இல்லாத தாள் வெறும் காய்ந்த இலைதான். கடையில் ஒட்டி விற்கும் தாளை வாங்கிக் கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. நீ செய்யாதே. நீ போகாத ஊரின் பெயரை உன் கையெழுத்தில் எழுதுவது பொய்.

நீ படிப்பது கோயம்புத்தூரில். அங்கே லாலி ரோடு பக்கம் வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. மெட்ராஸ் ஹெர்பேரியம் அங்கேதான். உங்கள் ஆசிரியரிடம் கேட்டு, அனுமதி வாங்கி, ஒரு நாள் போய் வாருங்கள். நூறு வருஷத்துக்கு முன் பறித்த கிளைகள் அலமாரிகளில் இருக்கின்றன. பறித்தவர் யாரும் இன்று இல்லை, அவர் எழுதிய ஊரும் தேதியும் இருக்கின்றன. அப்படிப்பட்ட தாள்களை வைத்துத்தான் கேம்பிள் என்ற தாவரவியலாளர் மதராஸ் மாகாணத்துத் தாவரங்களுக்கு நூல் எழுதினார். 1915இல் வெளிவரத் தொடங்கி 1936இல் முடிந்தது. கேம்பிள் 1925இலேயே இறந்துவிட்டார், மிச்சத்தை ஃபிஷர் முடித்தார். இன்றும் நம் பக்கத்துச் செடி ஒன்று புரிபடவில்லை என்றால் அந்தப் புத்தகத்தைத்தான் விரிக்கிறோம்.

களப்பயணத்துக்குப் போகும்போது ஆசிரியர் சொல்லாமல் காப்புக் காட்டில் ஒரு இலையைக்கூடக் கிள்ளாதே, வனத்துறை அனுமதி வேண்டும். எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது. தெரியாத எதையும் வாயில் வைக்காதே. நம் மூலனூர், தாராபுரம் பக்கம் விதைக்காகவே பயிரிடுகிறார்களே கண்வலிக் கிழங்கு, அதுதான் செங்காந்தள். பூ அவ்வளவு அழகு, கிழங்கு ஆளைக் கொல்லும். அந்த நஞ்சுதான் கால்ச்சிசின். அதே கால்ச்சிசினைச் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க ஜானகி அம்மாள் என்ற தாவரவியலாளர் பயன்படுத்தினார். அவர் 1897இல் தலச்சேரியில் பிறந்தவர். உன் கோயம்புத்தூரிலேயே கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் வேலை பார்த்தவர். 1945இல் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்ச்செடிகளின் குரோமோசோம் அட்டவணையை வெளியிட்டார். பெண்பிள்ளைகள் பள்ளி தாண்டுவதே அரிதாக இருந்த காலம் அது.

நர்சிங் கிடைக்காத வருத்தம் ஒரு மாதத்தில் போய்விடாது. போக வேண்டும் என்று நான் உன்னை நெருக்கவும் மாட்டேன். அழுகை வந்தால் அழு, மறுநாள் காலை லேபுக்கு மட்டும் போய்விடு. இந்த ஒரு செமஸ்டர் நான் சொன்னபடி பார்த்து, வரைந்து, எழுதிப் பார். அதற்குப் பிறகும் மனம் ஒட்டவில்லையென்றால் நானே உன் அப்பாவிடம் பேசுகிறேன்.

ஆடிப் பெருக்குக்கு அமராவதிக்குப் போகலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறான். முதல் நாளே இங்கே வந்துவிடு. கிணற்று மேட்டில் மூக்கிரட்டை நன்றாகப் படர்ந்து கிடக்கிறது. பழைய பேப்பர் ஒரு கட்டும் புது பிளேடு ஒரு பாக்கெட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். மைக்ராஸ்கோப் கிடையாது, என்னுடைய பத்து மடங்கு கைலென்ஸ் இருக்கிறது. நடுவிலுள்ள அந்த இரண்டு கற்றையும் அதில் தெரிகிறதா என்று சேர்ந்தே பார்ப்போம். பழைய சட்டையாகப் போட்டுக்கொண்டு வா, சஃப்ரனின் பட்டால் கறை போகாது.

உன் அத்தை