வெடிச்சத்தமும் வீட்டுப் பிராணிகளும்

எங்கள் ஊர்ப் பேச்சில் 'வெடி' என்பது ஒரே சொல். திருவிழாவில் கொளுத்துவதும் வெடிதான், துவக்கிலிருந்து வந்ததும் வெடிதான். எது எந்த வெடி என்பதைச் சத்தம் கேட்ட மறுகணமே பிரித்தறியும் பழக்கம் தீவக மக்களுக்கு உண்டு. 1990 ஆகஸ்ட் மாதத்தில் வீடு வாசலையும் பட்டியையும் விட்டு வெளியேறிய நாளிலிருந்து அந்தப் பழக்கம் எங்களோடு வந்திருக்கிறது. யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது. வெடி மட்டும் கொண்டாட்டத்துக்குரியதாகத் திரும்பி வந்துள்ளது. ஆனால் எமது நாய்க்கும் பசுவுக்கும் இந்த வேறுபாடு தெரியாது. அவற்றுக்கு எல்லா வெடியும் ஒன்றே.

இப்பாடத்தில் மூன்று விடயங்களைப் பார்ப்போம். வெடிச்சத்தத்துக்குப் பிராணிகள் ஏன் இவ்வளவு பயப்படுகின்றன? அந்த இரவை அவை அமைதியாகக் கழிக்க நாம் என்ன செய்யலாம்? அதே சத்தத்தால் கலங்கும் மனிதருக்கு யார் துணை?

1. ஒரு வீட்டை நினைத்துப் பார்ப்போம்

வேலணையில் மீளக்குடியேறிய ஒரு குடும்பம். தகரக் கூரை போட்ட வீடு. ஒரு கறவைப் பசு, இரண்டு ஆடு, சில கோழிகள், ஒரு நாய். ஊர்க் கோவிலில் திருவிழா. இரவு எட்டு மணிக்கு வாணவேடிக்கை தொடங்குகிறது. முதல் வாணம் வெடித்ததும் நாய் வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. பசு கயிற்றை அறுக்க முயன்று மூக்கைக் கிழித்துக்கொள்கிறது. அடுத்த நாட் காலை மடி நிறைந்திருந்தும் பால் இறங்கவில்லை. கூட்டின் மூலையில் இரண்டு கோழி நசுங்கிக் கிடக்கின்றன. நாய் மூன்றாம் நாள் திரும்பி வருகிறது. "வீட்டைக் காக்க வளர்த்தால் நீ ஓடுகிறாயா?" என்று வீட்டுக்காரர் அதை அடிக்கிறார்.

அந்த இரவு முழுவதும் பாட்டி குசினிச் சுவரோடு ஒட்டிக் குந்தியிருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

இந்த வீட்டில் நடந்த நட்டங்களில் பெரும்பாலானவை தடுக்கக் கூடியவை. அடி மட்டும் முற்றிலும் தேவையற்றது. பயம் கீழ்ப்படியாமை அல்ல.

2. அவை ஏன் பயப்படுகின்றன?

மனிதனின் காது ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வுகள் வரையான ஒலியைக் கேட்கும். மாடு ஏறத்தாழ 35,000 வரையும், நாய் 45,000 வரையும், பூனை 60,000க்கு மேலும் கேட்கும். வாணம் மேலெழும்போது வரும் சீறலில் எமக்குக் கேளாத கூர்மையான ஒலிகளும் அவற்றுக்குக் கேட்கும்.

சத்தத்தின் அளவு மட்டும் காரணமல்ல. எப்போது வரும், எங்கிருந்து வரும், எப்போது முடியும் என்று தெரியாத சத்தமே உயிர்களைக் கூடுதலாகக் கலக்குகிறது. நாமோ திருவிழா நாளை அறிவோம். பிராணிக்கு நாட்காட்டி இல்லை. ஒரு முறை பயந்த நாய் அடுத்த முறை வெடிக்கு முன்பே, வாணத்தின் சீறலுக்கும் வெளிச்சத்துக்குமே நடுங்கத் தொடங்கும். ஆகவே கவனியாமல் விட்டால் பயம் ஆண்டுக்காண்டு கூடக்கூடும்.

தீவகத்துக்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. அலை குறைந்த இரவில் கடலின் மேலாக ஒலி வெகுதூரம் செல்லும். ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா, ஜூன் 13 இல் புனித அந்தோனியார் திருநாள், தீபாவளி, நத்தார், புதுவருடம் என்று ஓர் ஊரின் வெடி கடலைத் தாண்டி அடுத்த ஊரிலும் கேட்கலாம். மற்றையது, எங்களிற் பலருடைய தகரக் கூரை. பாரமான கற்சுவர் ஒலியைத் தடுப்பது போல மெல்லிய தகரம் தடுக்காது.

புதிதாக இடம் மாறிய வீட்டிலுள்ள நாய்க்கு ஆபத்து இன்னும் அதிகம். புது வளவு அதற்கு இன்னும் வீடாகப் பழகவில்லை. பயந்து ஓடினால் திரும்பி வரும் வழியும் தெரியாது.

3. பயத்தின் அடையாளங்கள்

நாய் நடுங்கும், வாய் திறந்து இளைக்கும், வாலைக் கால்களுக்கிடையில் ஒடுக்கும், கட்டிலுக்குக் கீழே ஒளிக்கும், உணவைத் தொடாது. பூனை உயரத்திலோ இருட்டிலோ பதுங்கும். மாடு தலையை உயர்த்திக் காதுகளைச் சத்தம் வந்த பக்கம் திருப்பும், கண்களின் வெள்ளை தெரியும், அடிக்கடி சாணமிடும். ஆடுகள் ஒன்றோடொன்று நெருக்கும். அசையாமல் உறைந்து நிற்கும் பிராணியை 'அமைதியாக இருக்கிறது' என்று எண்ண வேண்டாம். அதுவும் பயமே.

4. முன்னாயத்தம்

*சில கிழமைகளுக்கு முன்:* வெடிச்சத்தம் பதிவான ஒலியைக் கைத்தொலைபேசியில் மிக மெல்லியதாகப் போட்டு, அதே நேரத்தில் நாய்க்கு விருப்பமான மீன் துண்டையோ இறைச்சித் துண்டையோ கொடுங்கள். நாய் காதை நிமிர்த்தாமல் உண்ணும் அளவுக்குச் சத்தம் குறைவாக இருக்க வேண்டும். நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். சில நாட்களுக்கு ஒரு முறை சிறிதளவு கூட்டுங்கள். பயம் தெரிந்தால் முந்திய அளவுக்குத் திரும்புங்கள். குட்டிகளுக்கு 3 கிழமை முதல் 14 கிழமை வரையான காலம் மிக முக்கியம். அப்போது மெல்லிய சத்தங்களுக்கு இதமாகப் பழகிய குட்டி வளர்ந்த பின் குறைவாகவே பயப்படும்.

நாயின் கழுத்துப் பட்டியில் உங்கள் தொலைபேசி இலக்கத்தை அழியாத மையால் எழுதுங்கள். விசர்நாய்க்கடித் தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுங்கள். ஓடிப்போன நாய் பிற நாய்களிடம் கடிபடலாம். பயத்தில் மனிதரையும் கடிக்கலாம். வேலியில் உள்ள பொட்டுகளையும் படலையையும் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

மிகவும் பயந்த நாய்க்குக் கால்நடை வைத்தியரிடம் மருந்து உண்டு. ஆனால் அன்றைய தினம் தேடி ஓட முடியாது. நெடுந்தீவில் உள்ளோர் குறிகட்டுவானுக்குப் படகேறி வர வேண்டும். மாரியில் கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. ஆகவே முன்கூட்டியே ஆலோசனை பெறுங்கள்.

*அன்றைய தினம்:* பொழுதுபட முன் நாயை நடக்க விட்டு, மலசலம் கழிக்கச் செய்து, உணவும் கொடுத்து விடுங்கள். பாலையும் நேரத்தோடு கறந்து விடுங்கள். வீட்டில் கற்சுவர் உள்ள, யன்னல் குறைந்த அறையைத் தெரிவு செய்து, பழைய சேலையும் சாக்கும் விரித்து ஒரு மூலையை அமையுங்கள். கட்டிலுக்குக் கீழே சேலை தொங்க விட்டாலும் நல்ல பதுங்கிடமாகும். தண்ணீர் வையுங்கள். யன்னலை மூடி, விளக்கை எரிய விடுங்கள். வாணத்தின் வெளிச்சம் தனித்துத் தெரியாது. வானொலியை வழக்கமான அளவில் பாட விடுங்கள்.

5. வெடிக்கும் வேளையில்

நாய் உங்களிடம் வந்தால் அணைத்துக்கொள்ளுங்கள், தடவிக் கொடுங்கள், வழமையான குரலில் பேசுங்கள். "தடவினால் பயம் கூடும்" என்று முன்னர் பலர் சொல்லி வந்தனர். அது சரியல்ல. பயம் ஓர் உணர்ச்சி. ஆறுதலால் அது வளராது. ஆனால் ஒளித்திருக்கும் பிராணியை வெளியே இழுக்க வேண்டாம். அது தெரிந்தெடுத்த இடமே அதற்குப் பாதுகாப்பு.

*பசு, ஆடு:* தனியே நிற்கும் மாட்டை விடத் துணையோடு நிற்கும் மாடு அமைதியாக இருக்கும். பழகிய கொட்டிலில் சேர்த்துக் கட்டுங்கள். மூக்கணாங்கயிற்றைக் கட்டையில் கட்டவே வேண்டாம். இழுத்தால் மூக்குக் கிழியும். கழுத்தில் இறுகாத முடிச்சாகப் போடுங்கள். சுருக்கு முடிச்சு உயிரை எடுக்கும். முட்கம்பி வேலிக்கு அருகில் கட்ட வேண்டாம். தின்ன வைக்கோல் போடுங்கள். அதற்குப் பழகிய ஒருவர் அருகில் நின்றாற் போதும்.

பயந்த பசுவுக்குப் பால் இறங்காத காரணம் இதுதான். மடியைத் தொடும்போது மூளையிலிருந்து சுரக்கும் ஒட்சிடோசின் என்ற ஓமோனே பாலை இறக்குகிறது. பயத்தின்போது சுரக்கும் அதிரினலின் அதைத் தடுக்கிறது. பசு பாலை வேண்டுமென்று 'ஒளிப்பதில்லை'. அடித்தால் அதிரினலின் மேலும் சுரக்கும். அரை மணி நேரமாவது விட்டு, தீனி போட்டு, மடியை இளஞ்சூட்டு நீரால் கழுவி, மெதுவாகக் கறவுங்கள்.

*கோழி:* திடீர் வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் கோழிகள் ஒரு மூலைக்கு ஓடி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி மூச்சடைத்து இறக்கும். கூட்டின் மூலைகளைப் பலகையாலோ வைக்கோற் கட்டாலோ வளைவாக அடைத்து விடுங்கள். காற்றோட்டம் கெடாதபடி சாக்கால் மூடுங்கள்.

*கட்டாக்காலிகள்:* நெடுந்தீவின் குதிரைகளுக்கும், ஊரில் திரியும் நாய்களுக்கும் கொட்டில் இல்லை. அவை நிற்கும் வெளிகளுக்கு அருகே வெடி கொளுத்தாதிருப்பதே அவற்றுக்கு நாம் செய்யும் உதவி. அன்றிரவு படலையைத் தட்டும் தெருநாயைத் துரத்தாமல் திண்ணையோரம் படுக்க விடுங்கள்.

6. செய்யக் கூடாதவை

நாயை வெளியே சங்கிலியில் கட்டி விட்டுத் திருவிழாவுக்குப் போகாதீர்கள். சங்கிலி சுற்றி மூச்சடைக்கலாம். 'பழகட்டும்' என்று வெடி கொளுத்தும் இடத்துக்குக் கூட்டிச் செல்லாதீர்கள். கள்ளோ சாராயமோ பருக்காதீர்கள். மனிதருக்கான குளிசைகளைக் கொடுக்காதீர்கள். ஒரு பரசிற்றமோல் குளிசையே பூனையைக் கொல்லக்கூடும். உடலை மட்டும் அசையாமல் வைத்து, பயத்தை அப்படியே விடும் மயக்க மருந்துகளும் உண்டு. ஆகவே எந்த மருந்தாயினும் வைத்தியரைக் கேட்டே கொடுங்கள்.

நாய் ஓடிவிட்டால் அயலவரிடம் உடனே சொல்லுங்கள். திரும்பி வந்தால் அடியாதீர்கள். அடிபட்ட நாய் அடுத்த முறை திரும்பி வர அஞ்சும். நாய் கடித்தால் காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

விடிந்ததும் வளவைக் கூட்டி, வெடிக்காத வெடிகளையும் கடதாசிகளையும் பொறுக்கி நனைத்து அகற்றுங்கள். ஆடு மாடுகள் கடதாசியைத் தின்னும். பிள்ளைகள் வெடிக்காத வெடியை மீண்டும் கொளுத்தப் பார்ப்பார்கள்.

7. சுவரோடு ஒட்டியிருந்த பாட்டி

செல்லும் குண்டும் விழுந்த காலத்தில் பதுங்கு குழிக்குள் இருந்த உடலுக்கு நினைவு உண்டு. 'இது திருவிழா வெடிதான்' என்று அறிவுக்குத் தெரிந்தாலும் நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், கால் தானாக ஓடப் பார்க்கும். அது கோழைத்தனம் அல்ல. அதைக் கண்டு சிரிப்பது தகாது.

பிராணிகளுக்குச் சொன்னவற்றில் பல மனிதருக்கும் பொருந்தும். எப்போது வெடிக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். தனியே விடாதீர்கள். இரண்டு மூன்று வீட்டார் ஒரு கல்வீட்டில் ஒன்றுகூடி, தேநீர் ஊற்றிக் கதைத்துக்கொண்டிருக்கலாம். மூச்சை மெதுவாக உள்ளிழுத்து அதைவிட மெதுவாக விடுவது படபடப்பைக் குறைக்கும். நாயை மடியில் வைத்துத் தடவும் பிள்ளைக்கு நாயும் ஆறுதல். தூர தேசத்திலுள்ள பிள்ளைகள் அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி எடுத்தால் அதுவும் துணையே. வெடி முடிந்த பின்னும் நாட்கணக்கில் தூக்கமின்றித் தவிப்பவரை வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லத் தயங்க வேண்டாம்.

8. ஊராகச் செய்யக்கூடியது

வெடியே வேண்டாம் என்று கூறுவது இப்பாடத்தின் நோக்கமல்ல. இருபது வருடங்களாகப் பூட்டிக் கிடந்த கோவிலில் மீண்டும் வாணம் எழும்போது வரும் மகிழ்ச்சியை நாம் அறிவோம். ஆனால் நேரம் குறித்து வெடிக்கலாம். 2018 இல் இந்திய உச்சநீதிமன்றம் தீபாவளிக்கு வெடி கொளுத்த இரண்டு மணி நேரத்தை மட்டும் அனுமதித்தது. தமிழ்நாட்டில் அது காலை 6 முதல் 7 வரையும், இரவு 7 முதல் 8 வரையும் என வகுக்கப்பட்டது. நேரம் தெரிந்தால் மாட்டைக் கட்டலாம், நாயை அறைக்குள் விடலாம், பாட்டியிடம் சொல்லலாம்.

இன்னும் ஒரு படி மேலே சென்ற ஊரும் உண்டு. தமிழ்நாட்டின் சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை அடுத்துள்ள கொள்ளுக்குடிப்பட்டியில், கூடு கட்ட வரும் பறவைகளுக்காக மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கும் வெடி கொளுத்துவதில்லை. அவர்களைக் கட்டாயப்படுத்தச் சட்டம் இருக்கவில்லை. ஊரார் தாமே பேசி எடுத்த முடிவு அது. இத்தாலியின் கொலேக்கியோ என்ற சிற்றூர் 2015 இல் சத்தம் குறைந்த வாணங்களையே பாவிக்க வேண்டும் என்று விதித்தது.

எங்கள் கோவில் பரிபாலன சபையிடமும் பங்குச் சபையிடமும் நாம் கேட்கக்கூடியவை சிறியவை. வெடி நேரத்தை ஒலிபெருக்கியில் காலையிலேயே அறிவித்தல், அந்த நேரத்துக்குள் முடித்தல், பட்டிகளுக்கும் வைத்தியசாலைக்கும் தள்ளி வெளியான இடத்தில் கொளுத்துதல், பேரொலி வெடிகளைக் குறைத்துப் பூவாணங்களைக் கூட்டுதல்.

1990 இல் படகேறும் அவசரத்தில் மாட்டின் கயிற்றை அவிழ்த்து விட்டு, நாயைக் கரையில் நிற்க விட்டு வந்தவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். அன்று வேறு வழி இருக்கவில்லை. இன்று வழி உண்டு.

கலந்துரையாடுவோம்

1. சென்ற திருவிழாவின்போது உங்கள் வளவில் எந்தப் பிராணி எப்படி நடந்துகொண்டது? நீங்கள் என்ன செய்தீர்கள்?

2. உங்கள் வீட்டில் சத்தம் மிகக் குறைவாகக் கேட்கும் இடம் எது? கல்வீடு இல்லாத அயலவர் யார்? அன்றிரவு அவரை அழைப்பீர்களா?

3. வெடிச்சத்தத்துக்குக் கலங்கும் முதியவர், பிள்ளைகள் உங்கள் ஒழுங்கையில் யார் யார்? அவர்களுக்கு யார் முன்கூட்டிச் சொல்வது?

4. அடுத்த திருவிழாவுக்கு முன் சபையிடம் வைக்கும் ஒரு கோரிக்கையை உங்கள் குழுவில் எழுதி, அதை யார் கொண்டு செல்வது என்றும் தீர்மானியுங்கள்.