நகரமும் பிரதேசமும்: பல்கலைக்கழகத்தில் அபிவிருத்தித் திட்டமிடலைக் கற்றல்

மாணவர்களே, முதலில் ஒரு வினா. கிளிநொச்சி நகரமா, கிராமமா? கச்சேரி, வைத்தியசாலை, வங்கிகள், சந்தை யாவும் உள்ள மாவட்டத் தலைநகர் அது. ஆயினும் 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் அது நகரத் துறையில் சேர்க்கப்படவில்லை. ஏன்?

1. வரைவிலக்கணம்

அம்மதிப்பீட்டில் மாநகர சபை, நகர சபைப் பகுதிகள் மட்டுமே நகரம் எனக் கொள்ளப்பட்டன. கிளிநொச்சியோ கரைச்சிப் பிரதேச சபைக்கு உட்பட்டது. 1981 இல் பட்டின சபைகளும் நகரமாகவே கணிக்கப்பட்டன. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் பின் அவை பிரதேச சபைகளுள் அடங்கின. சுன்னாகம் இதற்கு ஓர் உதாரணம்.

விளைவு: 1981 இல் 21.5 சதவீதமாக இருந்த நகரக் குடித்தொகை 2012 இல் 18.2 சதவீதமாகக் குறைந்தது. மக்கள் நகரங்களை விட்டு வெளியேறியதால்தான் இது குறைந்தது என எழுதினால் புள்ளி கிடைக்காது. வரைவிலக்கண மாற்றத்தைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ், பிரதேச சபைப் பகுதியையும் அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்யலாம். எனவே ஒரே இடம் புள்ளிவிபரத்தில் கிராமமாகவும், திட்டமிடலில் நகரமாகவும் இருக்க முடியும். வடிகால், குப்பை, வீதி என்பன யாருடைய பொறுப்பு என்ற சிக்கல் இங்கேதான் எழுகின்றது.

2. பல்கலைக்கழகத்தில் கற்பவை

• கோட்பாடுகள்: கிறிஸ்டாலரின் மைய இடக் கோட்பாடு (1933), பெரூவின் வளர்ச்சி முனைவுக் கோட்பாடு (1955).
• நிலப்பயன்பாடு, போக்குவரத்து, வீடமைப்பு, சூழல்.
• பிரதேச ஏற்றத்தாழ்வும் மகாவலி போன்ற திட்டங்களும்.
• புவியியல் தகவல் முறைமை, கள ஆய்வு, வரைபடம்.

3. கலைப்பிரிவு மாணவர் கவனத்திற்கு

"மொறட்டுவை என்றால் கணிதப்பிரிவுக்கு மட்டும்தானே சேர்?" என்று வகுப்பில் அடிக்கடி கேட்பார்கள். அங்குள்ள நான்கு வருட நகர, கிராமத் திட்டமிடல் பட்டம் அப்படியல்ல. புவியியல் கற்றவருக்கும் அதில் வாய்ப்புண்டு. பாடச் சேர்க்கையையும் சாதாரண தரத் தகைமையையும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அவ்வருடக் கைநூலில் பார்த்த பின்னரே விண்ணப்பத்தை நிரப்புங்கள். கற்பித்தல் ஆங்கிலத்தில் என்பதால் இன்றிலிருந்தே ஆங்கிலத்தைப் பயிலுங்கள். புவியியலைச் சிறப்புப் பாடமாகக் கற்றும் இத்துறைக்குள் நுழையலாம். கைநூலைப் பார்க்காமல் "எனக்குக் கிடைக்காது" என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள்.

4. பயிற்சி

(அ) 1981, 2012 நகரக் குடித்தொகை வேறுபாட்டிற்கான நிர்வாகக் காரணத்தை விளக்குக.
(ஆ) உங்கள் ஊர்ச் சந்தியில் ஒரு மணித்தியாலம் நின்று, அங்குள்ள சேவைகளைப் பட்டியலிடுக. எந்த ஊர்களிலிருந்து மக்கள் வருகின்றனர் எனக் கேட்டு, அவ்வூர்களைப் படத்தில் குறிக்குக. மைய இடக் கோட்பாட்டை அதனுடன் ஒப்பிடுக.

இரண்டாவது வினாவைச் செய்து பாருங்கள். திட்டமிடலாளர் செய்யும் முதல் வேலையும் அதுவே.