காடையில் ஆண் எது, பொட்டை எது?



தூக்கணாங்குருவியில் ஆண் எது என்று நம்ம பிள்ளைகளே சொல்லிவிடும். கூடு கட்டும் காலத்தில் ஆணுக்குத் தலை மஞ்சளாகிவிடும், பெண் மங்கலாகவே இருக்கும். நாம் முட்டைக்கு வளர்க்கிற ஜப்பானியக் காடையில் அவ்வளவு சுலபம் இல்லை. அதில்தான் நம்ம குழு ஒன்று ஏமாந்தது. உள்கடன் எடுத்து, "எல்லாம் பொட்டை" என்று ஒரு வியாபாரி சொன்னதை நம்பி, ஒரு நாள் குஞ்சு 100 வாங்கினார்கள். எட்டு வாரம் தீனி போட்ட பிறகுதான் பாதிக்குப் பாதி ஆண் என்று தெரிந்தது. அவற்றை ஐந்தாவது வாரமே கறிக்கு விற்றிருக்கலாம். மூன்று வாரத் தீனி வீண்.

ஒரு நாள் குஞ்சில் நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பொட்டைக்குன்னு கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீங்க. மூன்று வாரம் ஆனதும் நெஞ்சு இறகைப் பாருங்கள். செங்கல் நிறத்தில், புள்ளி இல்லாமல் இருந்தால் ஆண். வெளிறிய நெஞ்சில் கறுப்புப் புள்ளி தெளித்த மாதிரி இருந்தால் பொட்டை. பயராபீஸ் விட்டு வந்து ராத்திரி குண்டு பல்பு வெளிச்சத்தில் பார்த்தால் எல்லா நெஞ்சும் சிவப்பாகத்தான் தெரியும். காலையில் வேலைக்கு வண்டி வருமுன் பாருங்கள்.

வெள்ளைக் காடைக்கு இந்த அடையாளம் உதவாது. ஆறு, ஏழு வாரம் ஆனபின் வாலுக்கு அடியில், ஆசனவாய்க்கு மேலே பாருங்கள். ஆணுக்கு அங்கே சின்ன உருண்டையாக வீங்கியிருக்கும். மெதுவாக அழுத்தினால் வெள்ளை நுரை வரும். பொட்டைக்கு வராது. ஆண் உரக்கக் கத்தும். உடம்பில் பொட்டைதான் பெரிசு. கோழியை வளர்த்த நமக்கு இது தலைகீழாகத் தெரியும்.

பொட்டை ஆறு, ஏழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். சாப்பிடுகிற முட்டைக்கு ஆணே வேண்டாம். குஞ்சு பொரிக்கத்தான் இரண்டு, மூன்று பொட்டைக்கு ஓர் ஆண் வேண்டும். ஆண் மிஞ்சினால் பொட்டைகளின் தலையைக் கொத்திப் புண்ணாக்கிவிடும். வளர்ப்புக் காடை அடையில் உட்காராது, இன்குபேட்டரில்தான் பொரிக்கணும். 17, 18 நாள் ஆகும்.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. காட்டில் திரிகிற காடையைப் பிடிப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

அந்தக் குழு இப்போது நாலு வாரக் காடைதான் வாங்குகிறது. இரண்டு பேர் காலையிலேயே போய், ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து நெஞ்சைப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்கிறார்கள்.